மயிலாப்பூர் மாடியில் மீன்முள்

மயிலாப்பூரில் மீன்முள் இல்லாத வீடே கிடையாது என்று சொல்லத்தக்க காலம் ஒன்று இருந்தது. கச்சேரி ரோடிலிருந்து லஸ் மூலை வரையில், வெங்காயம் கூட அமாவாசைக்கு அமாவாசை விலக்கு வாங்கும் வீடுகளிலும், மொட்டை மாடியில் மட்டும் ஒரு பெரிய மீனின் எலும்புக்கூடு, நடுமுள்ளும் பக்க முட்களுமாக, கம்பத்தின் உச்சியில் காய்ந்துகொண்டிருக்கும். ஆசாரசீலர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. எப்படி ஆட்சேபிப்பார்கள்? வெள்ளிக்கிழமை இரவு "ஒளியும் ஒலியும்" அந்த முள் வழியாகத்தானே வீட்டுக்குள் இறங்கி வந்தது!

அதற்கு சாஸ்திரோக்தமான பெயர் யாகி - உடா ஏரியல். 1926-ஆம் வருஷம் ஜப்பானில் தொஹோகு சர்வகலாசாலையில் வேலை பார்த்த ஷின்டாரோ உடா என்பவரும், அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஹிடெட்சுகு யாகி என்பவரும் உலகத்துக்கு அளித்தது. பாடுபட்டது பெரும்பாலும் உடா. பெயர் நின்றது யாகிக்கு. எழுத்துத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பகுதியில் நான் வழக்கமாக ஒரு நாவலையோ, நாடகத்தையோ, சபாக் கச்சேரியையோ எடுத்துக்கொண்டு நாலு வார்த்தை நல்லதாகவும் எட்டு வார்த்தை கடுமையாகவும் சொல்லி வருகிறேன். இந்தத் தடவை விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கம்பமும், அதன் தலையில் கட்டிய சில அலுமினியக் குச்சிகளும், அவற்றின் வழியே வருவதும், வராததும். நாவல் எங்கே என்று கேட்கிற வாசகர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சமீபத்தில் நான் படித்த நாவல்களை விட இந்தக் கம்பத்தில் கதை அதிகம்.

விஷயம் என் அத்தையிடம் ஆரம்பிக்கிறது. 2016-ல் அவளுக்கு 83 வயது. கபாலி கோவில் மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில், அடுக்கு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தாள். அத்திம்பேரின் பென்ஷனில் பாதி அவளுக்கு வந்துகொண்டிருந்தது. அதில் பால்காரர், பூக்காரி, மருந்துக் கடை, கேபிள்காரர் என்ற நாலு பேருக்கும் ஒன்றாம் தேதி கணக்குத் தீர்த்துவிடுவாள்.

அந்த வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்கு வந்து போயிற்று. வந்து போயிற்று என்று சொல்வது சுலபமாக இருக்கிறது. ஊரில் நின்ற மரங்களில் எத்தனையோ ஆயிரம் அன்று சாய்ந்தன. அத்தை வீட்டுச் சந்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் மின்சாரக் கம்பியையும் கேபிள் கம்பியையும் ஒரே அணைப்பில் இழுத்துக்கொண்டு தரையில் படுத்தது. மின்சாரம் ஐந்தாம் நாள் வந்தது. கேபிள் பதினோராம் நாள் வந்தது. நடுவில் மார்கழி பிறந்துவிட்டது.

நான் போய்ப் பார்த்தபோது, அத்தை இருட்டில், பழைய டிரான்ஸிஸ்டர் ஒன்றைக் காதோடு சேர்த்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடியற்காலை. எம். எல். வசந்தகுமாரியின் திருப்பாவை ரேடியோவில் வந்துகொண்டிருந்தது. கட்டடத்தின் கான்கிரீட்டும் இரும்பும் அதைப் பாதி தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் உள்ளே விட்டன. சரசரவென்று ஒரு சத்தம்; அதற்குள் அந்தக் குரல்.

"ஏண்டா, இது ஓசியிலே வரது. இத்தனை வருஷமா மாசா மாசம் இருநூறு ரூபாய் எதுக்குடா அழுதுண்டிருந்தேன்?" என்று கேட்டாள்.

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "அப்பா போட்டிருந்தாரே, அந்த மாதிரி மாடியிலே ஒரு ஏரியல் போட்டுக் குடு. டி.வி.க்கும் சேத்துப் போடு. இனிமே அந்தக் கேபிள்காரன் மூஞ்சியிலே முழிக்க மாட்டேன்."

அத்தை "அப்பா" என்றது என் தாத்தாவை. தி. நகரில் அவர் கட்டிய வீட்டில் 1946-ல் ரேடியோப் பெட்டி வந்தது. பெட்டி வருவதற்கு முன்பே ஏரியல் வந்துவிட்டதாகக் கேள்வி. மொட்டை மாடியில் இரண்டு மூங்கில். நடுவே நாற்பது அடிச் செப்புக் கம்பி. கம்பியின் இரு முனையிலும் கோழிமுட்டை வடிவத்தில் பீங்கான் குமிழ்கள். அதிலிருந்து ஒரு கம்பி ஜன்னல் வழியாக உள்ளே இறங்கும். இன்னொரு கம்பி பெட்டியிலிருந்து கிணற்றடிக்குப் போய், கரியும் உப்பும் போட்டுப் புதைத்த ஒரு குழாயில் முடியும். அந்த மண் ஈரமாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தினம் ஒரு சொம்பு ஜலம் ஊற்றுவது என் அத்தையின் பொறுப்பு. துளசிக்கு ஒரு சொம்பு, ரேடியோவுக்கு ஒரு சொம்பு. வானம் இருட்டினால் தாத்தா பஞ்சகச்சத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கத்தி ஸ்விட்ச்சைக் கீழே தள்ளுவாராம். இடி விழுந்தால் அது நேரே பூமிக்குப் போய்விடும் என்ற நம்பிக்கை. பிற்காலத்தில் மாடிக் கம்பி போய், கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ரிப்பன் போல ஒரு செப்பு வலை தொங்கிற்று. நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முந்திய கூடங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வலையும், அதில் ஒட்டடை அடிக்கப் போய்த் திட்டு வாங்கியதும் நினைவிருக்கும். தபாலாபீசில் லைசென்ஸ் புஸ்தகத்தை நீட்டி வருஷா வருஷம் ரேடியோவுக்குப் பணம் கட்டிய காலம் அது. எண்பதுகளில்தான் அந்த லைசென்ஸ் ஒழிந்தது.

சென்னையில் இந்தக் காற்றுச் சமாசாரம் ஆரம்பித்த விதத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் ஒரு ரேடியோ கிளப் வைத்து ஒலிபரப்பினார்கள். மூன்று வருஷத்தில் கையில் பணம் தீர்ந்துவிட்டது. அந்தக் கருவியை நகரசபை ஏற்று, 1930 ஏப்ரல் முதல் ரிப்பன் கட்டடத்திலிருந்து ஒலிபரப்பியது. வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் சொற்பம். ஆகையால் மெரீனாவிலும் சில பூங்காக்களிலும் ஒலிபெருக்கியைக் கட்டி விட்டார்கள். சுண்டல் விற்கிறவன், காற்று வாங்க வந்த வக்கீல், வேலை தேடி அலுத்த பையன் எல்லோரும் ஒரே மணலில் உட்கார்ந்து ஒரே சங்கீதத்தைக் கேட்டார்கள். 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் ஆரம்பமானதும் நகரசபை இந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டது. அதாவது, நம் ஊரில் ஒலிபரப்பு என்பது முதல் முதலில் கட்டணம் வாங்குகிற வியாபாரமாக நிலைக்கவில்லை; கடற்கரைக் காற்றைப் போல, வந்தவருக்கெல்லாம் என்றுதான் நிலைத்தது. இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குள்ள வழக்கு இதைப் பற்றியதுதான்.

டெலிவிஷன் சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்டு 15-ல். ஸ்வாமி சிவானந்தா சாலையில் கோபுரம் எழும்பிற்று. மாடிகளில் மீன்முட்கள் முளைத்தன. மயிலாப்பூர், அடையாறு வாசிகளின் முட்களெல்லாம் வடக்கே பார்த்தன, தி. நகர் முட்கள் சற்று வடகிழக்கே திரும்பிக்கொண்டன. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்ததும் ஒரு புதுக் கட்சி கிளம்பியது. கோடை நாட்களில் கடலின் மேல் படியும் காற்றடுக்குகள் அலைகளை வளைத்துத் தொலைதூரம் கொண்டு வந்து விடும். அதைப் பிடிப்பதற்காக இன்னும் உயரமான கம்பம், இன்னும் நீளமான முள், நடுவில் "பூஸ்டர்" என்ற பெட்டி, எல்லாம் தெற்கே பார்த்து. ஒரே கம்பத்தில் வடக்கே பார்த்த ஒன்றும் தெற்கே பார்த்த ஒன்றுமாக இருந்த வீடுகளைப் பார்த்து, "இது வடகலை, அது தென்கலை" என்று திருவல்லிக்கேணி நண்பர் ஒருவர் சொல்வார். தென்கலைக்கு வருகிற படத்தில் பாதி நாள் மழை பெய்யும். இருந்தாலும் அது வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் தெருவே அந்த வீட்டில் கூடும்.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. முட்கள் துருப்பிடித்தன, காக்கைகள் உட்கார்ந்தன, பிறகு அவற்றைப் பழைய இரும்புக்காரன் எடைக்கு எடுத்துப் போனான். 2003 செப்டம்பரில் கட்டணச் சானல்களுக்குப் பெட்டி வைத்தாக வேண்டும் என்ற சட்டம் சென்னையில் நடைமுறைக்கு வந்ததும், அதற்குப் பிறகு கிண்ண வடிவ டிஷ்கள் வந்ததும், இந்த வாசகர்கள் எல்லோரும் ரசீதும் கையுமாக அனுபவித்தவை. நான் அதை விவரிக்கப் போவதில்லை.

இந்த இடத்தில்தான் என் அத்தையின் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. ஏரியல் போட்டால் இன்று ஏதாவது வருமா?

வரும் என்பது எனக்கே தெரியாது. விசாரித்ததில் தெரிந்தது. 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் 16 நகரங்களில் புது மாதிரியான டிஜிட்டல் தரை ஒளிபரப்பை ஆரம்பித்திருந்தது. சென்னை அவற்றில் ஒன்று. பழைய முறையில் ஒரு சானலுக்கு வேண்டியிருந்த இடத்தில் ஐந்து சானல்கள். படம் சுத்தம். மாதக் கட்டணம் கிடையாது. செல்போனில் ஒரு சின்னத் துண்டைச் சொருகினால் பஸ்ஸில் போகும்போது கூடப் பார்க்கலாம் என்று அறிவிப்பில் சொன்னார்கள்.

அறிவிப்பை யார் படித்தார்கள்? சித்திரை வெயிலில் மோர்ப் பந்தல் போடுகிறவன் தேரோடும் வீதியில் போடுவான். வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக் கொடுப்பான். இவர்கள் ஒரு முட்டுச் சந்தின் கோடியில் பந்தல் போட்டு, பானையை நிரப்பி, டம்ளர் வைக்க மறந்து, விளம்பரப் பலகையையும் உள்பக்கம் பார்த்து மாட்டிவிட்டார்கள். டம்ளர் என்று நான் சொல்வது, அந்த அலையைப் படமாக மாற்றுகிற கருவியை. தி. நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். சுவர் அகலத்துக்கு டெலிவிஷன்கள். விற்பனைப் பையனிடம், "தம்பி, இதில் ஏரியல் வைத்தால் தூர்தர்ஷனின் டிஜிட்டல் ஒளிபரப்பு எடுக்குமா?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "சார், ஏரியல்னா?" என்றான். அவன் பேரில் குற்றமில்லை. அவன் பிறப்பதற்குள் மயிலாப்பூர் முட்களெல்லாம் எடைக்குப் போய்விட்டன.

கடைசியில் மவுண்ட் ரோடு ரிட்சி தெருவில், நாலு கடை ஏறி இறங்கிய பிறகு, தூசி தட்டி ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். ஏரியல் அதே தெருவில் கிடைத்தது. பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். முள் என்றால் கூட்டுக் குடும்பம் ஆறு மாதம் சாப்பிடக்கூடிய மீனாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இது நெத்திலி. காரணம் இருக்கிறது. ஏரியலின் குச்சி, அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி இருக்க வேண்டும். பழைய தூர்தர்ஷன் அலை நீளமானது, குச்சியும் நீளம். புது ஒளிபரப்பு உயர்ந்த அலைவரிசையில் போகிறது, அலை குட்டை, ஒரு சாணுக்குச் சற்று அதிகமான குச்சி போதும். எப்.எம். ரேடியோவுக்கு வேண்டிய குச்சி மாத்திரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு.

பொருத்த வந்தவர் அறுபது வயதுக்காரர். எண்பதுகளில் மந்தைவெளியிலும் அபிராமபுரத்திலும் தினம் நாலு மாடி ஏறி முள் நட்டவர். பிறகு கேபிள் இழுத்தார். பிறகு கேமரா மாட்டினார். நான் கூப்பிட்டதும், கதாசிரியன் ஒருவனை இருபது வருஷம் கழித்து ஒரு வாசகன் அடையாளம் கண்டுகொண்டதைப் போல அவர் முகம் மலர்ந்தது. "ஏரியலா சார்? நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அவர் வேலை செய்ததைப் பார்ப்பதே ஒரு கச்சேரி. முதலில் கம்பம். கடல் காற்று அடிக்கிற ஊரில் சாதாரண இரும்புக் குழாய் இரண்டு மழைக்குத் தாங்காது என்று துத்தநாகம் பூசியதைத்தான் கேட்டு வாங்கினார். கைப்பிடிச் சுவரில் இரண்டு இடத்தில் பட்டை போட்டு இறுக்கினார். உச்சியில் நெத்தலியை வடக்கே பார்த்து. அதற்குக் கீழே இரண்டு முழம் விட்டு ரேடியோக் குச்சி. இரண்டிலிருந்தும் வருவதை ஒரு சின்னப் பெட்டியில் சேர்த்து, ஒரே ஒயராகக் கீழே இறக்கினார். வீட்டுக்குள் இன்னொரு சின்னப் பெட்டி அவற்றைப் பிரித்து, டெலிவிஷனுக்குச் சேர வேண்டியதை அதற்கும் ரேடியோவுக்குச் சேர வேண்டியதை அதற்கும் கொடுத்தது. ஒயர் ஜன்னலில் நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விட்டார். ஏன் என்று கேட்டேன். "தண்ணி ஒயரைப் பிடிச்சுக்கினு நேரா உள்ள வந்துரும் சார். தொங்கல் வுட்டா அங்கியே சொட்டிட்டுப் போயிரும்" என்றார். மழைத் துளி எங்கே சொட்ட வேண்டும் என்று முன்கூட்டி நினைத்துப் பார்க்கிற இந்தக் குணம் நம் நாவலாசிரியர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

அத்தை மாடிக்கு வந்து பார்த்தாள். "ஏம்ப்பா, வடக்கே பாத்து வெச்சிருக்கியே, நல்லதா?" என்றாள்.

"குபேர மூலை மாமி. காசு குடுக்காம வர்றது அங்கேருந்துதான வரணும்" என்றார் அவர். அத்தைக்குத் திருப்தி.

கட்டடச் சங்கத்தின் காரியதரிசிக்குத் திருப்தி இல்லை. அவர் ஓய்வு பெற்ற அதிகாரி. கம்பம் கட்டடத்தின் அழகைக் கெடுக்கிறது என்றும், இடியை அழைக்கிறது என்றும் எழுத்து மூலமாகத் தெரிவித்தார். அதே மாடியில் பதினாலு டிஷ்கள் பதினாலு கைக்குட்டைகளை உலர்த்தியது போலத் தென்கிழக்கே பார்த்து நின்றன; அவை அழகைக் கெடுக்கவில்லை போலும். இடிக்காகக் கம்பத்திலிருந்து பூமிக்கு ஒரு தடித்த கம்பி இறக்கியிருப்பதை ஏரியல்காரர் காட்டினார். காரியதரிசி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்.

சரி, விமரிசனத்துக்கு வருகிறேன்.

படம் அபாரம். முதல் நாள் பார்த்தபோது, செய்தி வாசித்த அம்மாளின் பட்டுக் கரையில் இருந்த ருத்திராட்சத்தை அத்தை எண்ணிச் சொன்னாள். பழைய ஒளிபரப்பில் "பேய்" என்று ஒன்று வரும், நினைவிருக்கிறதா? அண்ணா சாலையில் எல்.ஐ.சி. போன்ற உயரமான கட்டடங்களில் மோதித் திரும்பிய அலை சற்றுத் தாமதமாக வந்து, ஒவ்வொரு உருவத்துக்கும் பக்கத்தில் வெளிறிய இன்னொரு உருவத்தை நிறுத்தும். புது முறையில் பேய் இல்லை. அதற்கு அவர்கள் செய்திருக்கும் யுக்தி அழகானது. கோவில் பிராகாரத்தில் ஒருவர் மட்டும் படபடவென்று ஸ்தோத்திரம் சொன்னால், எதிரொலியில் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கு ஓர் எழுத்தாக, நீட்டி நிதானமாக, ஒவ்வோர் எழுத்துக்கும் பிறகு எதிரொலி அடங்குமளவு இடைவெளி விட்டுச் சொன்னால் குழப்பமே வராது. புது ஒளிபரப்பு ஒரே அலையில் எல்லாவற்றையும் ஏற்றாமல் ஆயிரக்கணக்கான மெல்லிய அலைகளில் பிரித்து ஏற்றி, அப்படித்தான் இடைவெளி விட்டு அனுப்புகிறது.

ஆனால் ஒரு குணக்கேடும் உண்டு. பழைய முறை, பழைய வித்வான் மாதிரி. தொண்டை கட்டினாலும் பாடுவார், சுருதி கரகரக்கும், ரசிகன் தன் மனசால் இட்டு நிரப்பிக்கொள்வான். புது முறைக்குக் கரகரப்பு என்பதே கிடையாது. அலை போதுமான அளவு இருக்கிற வரையில் பளிங்கு. ஒரு மயிரிழை குறைந்தால் ஆலாபனையின் நடுவில் பாடகர் வாயைத் திறந்தபடி சிலையாகிவிடுவார். பிறகு திரை இருண்டுவிடும். எதிர் மாடியில் தண்ணீர் லாரிக்காகப் பம்பு போடும்போதெல்லாம் அத்தைக்கு இது நேர்ந்தது. ஒயரின் முனையை ஏரியல்காரர் மறுபடி செதுக்கி முறுக்கிய பிறகு சரியாயிற்று. மழையும் பனியுமாகத் தெரிந்தாலும் தெரிகிறதே என்று இருந்த ஒரு தலைமுறைக்கு, இந்த முழுமை அல்லது இன்மை என்கிற சுபாவம் கொஞ்சம் கர்வமாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

இனி, குழாய் நன்றாக இருக்கிறது, தண்ணீர் எப்படி என்ற கேள்வி. பழைய நாள் தூர்தர்ஷன் பொற்காலம் என்று கண்ணீர் விடுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். "வயலும் வாழ்வும்" பார்த்துப் பார்த்து, நெல் வயலையே கண்டிராத மயிலாப்பூர் மாமிகள் குருத்துப் பூச்சிக்கு மருந்து சொல்லக் கற்றுக்கொண்டார்கள் என்பது உண்மை. அது விருப்பத்தால் அல்ல. வேறு சானல் இல்லாததால். "எதிரொலி"யில் நேயர்களின் புகார்களுக்குப் பதில் சொன்னார்கள்; பதிலில் விநயம் இருந்தது. ரேடியோவின் கதையே வேறு. 1954-ல் தி. ஜானகிராமன் சென்னை நிலையத்தில் கல்வி ஒலிபரப்பில் சேர்ந்தார். அறுபதுகளில் அகிலன் அங்கே வந்தார். எழுதத் தெரிந்தவர்களை உள்ளே உட்கார்த்தி வைத்த காலம் அது. 1952-ல் ஆரம்பித்த சனிக்கிழமை தேசியக் கச்சேரி, டிக்கெட் வாங்கிச் சபாவுக்குப் போக முடியாத எத்தனையோ பேரை ரசிகர்களாக்கியது. என் அத்தை பாட்டு வாத்தியாரிடம் ஒரு நாள் கூடக் கற்றுக்கொண்டவள் அல்ல. ஆனால் பைரவிக்கும் முகாரிக்கும் உள்ள வித்தியாசத்தை மாடிக் கம்பி அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

புது ஏரியலில் இறங்கியவற்றில், பாரதி சானலின் பழைய கச்சேரிப் பதிவுகள் உயர்ந்தவை. பொதிகையில் (2024 ஜனவரியில் அதற்கு டிடி தமிழ் என்று பெயர் மாற்றினார்கள்) செய்தி நிதானமானது. யாரும் யாரையும் பார்த்துக் கத்தவில்லை. நாடகங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே மரியாதை. ஐந்து சானல்களில் இரண்டு பார்க்கத்தக்கவை என்பது என் தீர்ப்பு. கேபிளில் வந்த இருநூறில் அத்தை பார்த்ததும் இரண்டுதான்.

ரேடியோவையும் டிஜிட்டலாக்குகிறோம் என்று கிளம்பி, மத்திய அலை நிலையங்கள் பலவற்றில் டி.ஆர்.எம். என்ற முறையை அமைத்தார்கள். அதற்குரிய பெட்டியைக் கடையில் விசாரித்தேன். சில புதுக் கார்களில் இருக்கிறது என்றார்கள். கார் வாங்கினால் ரேடியோ! அத்தை எப்.எம். 101.4-லேயே நின்றுவிட்டாள்.

ஏரியல் எதற்கு, தூர்தர்ஷனே இலவசமாக ஒரு டிஷ் ஒளிபரப்பும் வைத்திருக்கிறதே என்று கேட்கலாம். 2004 டிசம்பரிலிருந்து உண்டு. மாதக் கட்டணம் கிடையாது. ரேடியோ நிலையங்களும் அதில் வருகின்றன. சென்னையிலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக் கோள் தென்கிழக்கே, அக்னி மூலையில், ஏறக்குறைய உச்சி வானத்தில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். அதையும் சேர்த்து மாட்டச் சொல்லியிருந்தேன். அதன் பலவீனம் ஒன்றுதான்: அந்த நுண்ணிய அலையை அடைமழை விழுங்கிவிடும். நமக்குச் செய்தி மிகவும் அவசியமாக இருக்கிற ராத்திரியில், கிண்ணம் எதுவானாலும், யாருடையதானாலும், கண்ணை மூடிக்கொள்ளும். பக்கத்துக் கோபுரத்திலிருந்து தரையோடு வருகிற அலைக்கு மழை ஒரு பொருட்டல்ல. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் முழுகியபோது, செல்போன்கள் ஊமையாகி, கேபிள் அறுந்து, அடுத்த தெருவில் தண்ணீர் எவ்வளவு என்று தெரியாமல் மொட்டை மாடியில் நின்றவர்களுக்கு இது தெரியும்.

ஆகவேதான் எனக்குக் கோபம். இந்த அலை எல்லோருக்கும் உரியது. கோபுரத்தைக் கட்டிய பணம் நம்முடையது. அதை அனுப்பிவிட்டு, வாங்கிக்கொள்ளும் கருவி கடைகளில் இருக்கிறதா, டெலிவிஷன் செய்கிறவன் அதை உள்ளே வைத்திருக்கிறானா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு, பார்ப்பவர் குறைவு என்று அவர்களே சொல்வார்கள். பழைய முறைக் கோபுரங்களை, சிலவற்றைத் தவிர, 2022 மார்ச்சுக்குள் நாடு முழுவதும் நிறுத்தினார்கள். கேபிளிலோ, 2019 பிப்ரவரியிலிருந்து நூறு சானலுக்கு 130 ரூபாயும் அதன் மேல் வரியும் குழாய் வாடகை என்று ஆயிற்று. டெலிவிஷனுக்குள்ளேயே செயற்கைக் கோள் அலையை வாங்கும் கருவியை வைப்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்றை 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். டம்ளர் விஷயத்தில் யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது. தரை வழியே வருகிற மோருக்கும் ஒரு டம்ளர் என்று அப்போதே யாராவது நினைத்திருக்கலாம்.

அத்தை வீட்டு விஷயம் பாக்கி இருக்கிறது. 2017 நவம்பர் 2-ஆம் தேதி இரவு மயிலாப்பூரில் பெய்த மழையை அந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். நான் அன்று அங்கே அகப்பட்டுக்கொண்டேன். மாடியில் இருந்த பதினாலு கிண்ணங்களும், எங்கள் இலவசக் கிண்ணமும் கண்ணை மூடிவிட்டன. கட்டடத்தின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை வடக்கு ஏரியலுக்கு மாற்றினாள். செய்தி வந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் என்பதெல்லாம் வந்தது. பத்து மணிக்குக் கதவைத் தட்டினார்கள். காரியதரிசி, பின்னால் அவர் மனைவி.

"இங்கே படம் தெரியறதுன்னு கேள்விப்பட்டோம்" என்றார்.

இருவரும் பதினொன்றரை வரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். அத்தை பால் காய்ச்சிக் கொடுத்தாள். மறு வாரம் காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, அந்தக் கம்பத்திலிருந்து அவர் வீட்டுக்கும் ஓர் ஒயர் பிரித்துக்கொள்ள முடியுமா, சங்கத்தின் ஆட்சேபணை எதுவும் இராது என்றார். அத்தையிடம் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பால் ரேடியோவின் தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நடுவிலே பிரிச்சா பாதி அலை போயிடும்னு அந்த ஏரியல்காரன் சொன்னானே? அதெல்லாம் வேண்டாம். வேணும்னா மழை பெய்யறபோது ரெண்டு பேரும் இங்கேயே வந்து பாத்துட்டுப் போகட்டும்."